பெயர் எழுதப்படாத கதிரைகள்
பியர் ஜெனரேயின் வாழ்வும் பணியும்

பள்ளிமுனைப் பெருக்க மரத்தை நம்மில் பார்க்காதவர் மிகச் சிலரே இருப்பர். ஆபிரிக்கக் கண்டத்துக்குரிய அந்த மரத்தை முன்னொரு காலத்தில் அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்று மூத்தோர் சொல்லி வந்திருக்கிறார்கள். நட்டவரின் பெயர் எவருக்கும் தெரியாது. மரமோ மன்னாரின் மரமாகிவிட்டது. அதைப் போலவே தூர தேசத்தில் பிறந்து, இந்திய மண்ணில் வேரூன்றி, தம் பெயரை எங்கும் பெரிதாக எழுதிவைக்காமல் மறைந்தவர் பியர் ஜெனரே. அன்னார் ஒரு கட்டடக்கலைஞர். ஆயினும் கதிரை செய்தவர் என்றே இன்று உலகம் அவரை அதிகமாக அறிந்திருக்கிறது. அவருடைய வாழ்வையும், அவர் செய்த கதிரைகளுக்கு நேர்ந்த கதியையும் அறிவது நமக்குப் பல வகையில் பயன் தரும்.

பியர் ஜெனரே 1896ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தார். அங்குள்ள நுண்கலைக் கல்லூரியில் கட்டடக்கலை பயின்றார். பின்னர் பாரிஸ் நகருக்குச் சென்று, கொங்கிரீட் கட்டடங்களை அமைப்பதில் அக்காலத்தில் முன்னோடிகளாக விளங்கிய பெரே சகோதரர்களிடம் பணிபுரிந்தார். அவருடைய உறவினர் ஒருவர் அதே பாரிசில் கட்டடக்கலைஞராக இருந்தார். ஏறக்குறைய ஒன்பது வயது மூத்தவர், முறைக்கு அண்ணன். அவருடைய இயற்பெயரிலும் ஜெனரே என்ற குடும்பப் பெயர் உண்டு. ஆனால் அவர் தமக்கு லெ கொர்பூசியே என்று வேறொரு பெயரைச் சூட்டிக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையைப் பற்றி எழுதும் எந்த நூலும் அந்தப் பெயரைக் கூறாமல் விடுவதில்லை.

1922இல் இருவரும் ஒன்றாகத் தொழில் தொடங்கினர். அண்ணன் மேடையில் பேசுபவர், நூல்கள் எழுதுபவர், எதிராளியோடு வாதாடுபவர். தம்பி மேசையில் குனிந்து வரைபவர். எண்ணம் ஒருவரிடம் பிறக்கும். அது சுவராக எழுந்து நிற்க வேண்டுமானால், அளவும் கணக்கும் ஆணியும் பார்க்க மற்றவர் வேண்டும். பாரிசுக்கு அருகில் மெல்லிய தூண்களின் மேல் மிதப்பதுபோல் நிற்கும் சவோய் மாளிகை உட்பட அக்காலத்தில் இருவரும் சேர்ந்து எழுப்பிய கட்டடங்கள் பல. கேட்டால் பெரும்பாலோர் கொர்பூசியேயின் பெயரை மட்டுமே சொல்வர். ஜெனரே அதற்காக எவரோடும் வழக்காடியதாக வரலாறு இல்லை.

இவ்விடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1927இல் ஷார்லொட் பெரியோன் என்ற இருபத்து நான்கு வயது யுவதி அந்த அலுவலகத்துக்கு வேலை கேட்டு வந்தார். தளபாடம் வடிவமைப்பதில் தேர்ச்சி பெற்றவர். இங்கே யாரும் தலையணைக்குப் பூவேலை செய்வதில்லை என்று கூறிக் கொர்பூசியே அவரைத் திருப்பியனுப்பினார். அதே ஆண்டில் பாரிசில் நடந்த கண்காட்சி ஒன்றில் அந்த யுவதியின் உருக்கு, கண்ணாடி வேலைப்பாடுகளைக் கண்ட பின்னர் அவரே அழைத்து வேலை கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் பெரியோன், ஜெனரே, கொர்பூசியே மூவரும் சேர்ந்து உருக்குக் குழாய்களால் செய்த கதிரைகளும் சாய்மனைக் கதிரையும் உலகப் புகழ் பெற்றன. அவை பிற்காலத்தில் பெருமளவில் விற்பனைக்கு வந்தபோது, கொர்பூசியேயின் முதலெழுத்துகளே அவற்றின் அடையாளக் குறியாயின. பெரியோனின் பங்கு உலகத்துக்குத் தெளிவாகத் தெரிய வெகுகாலம் எடுத்தது.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கூட்டை உடைத்தது. 1940இல் ஜெர்மனி பிரான்சைக் கைப்பற்றியதும், ஆக்கிரமிப்பாளரோடு இணங்கிப்போன விஷி அரசிடம் வேலை பெறக் கொர்பூசியே முயன்றார். ஜெனரே கிரனோபிள் நகருக்குச் சென்று எதிர்ப்பியக்கத்தின் பக்கம் நின்றார். பேச்சில் அடங்கிய மனிதர் உறுதியில் அடங்கியவரல்லர் என்பதற்கு இதுவே சான்று. அண்ணனும் தம்பியும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சேர்ந்து தொழில் செய்யவில்லை. இக்காலத்தில் ஜெனரே மரத்தின் பக்கம் திரும்பினார். கத்தரிக்கோலைப் போல் கால்கள் குறுக்கே வெட்டிச் செல்லும் அவரது மரக் கதிரையொன்றைப் போருக்குப் பின்னர் அமெரிக்காவின் நோல் நிறுவனம் தயாரித்து விற்றது. பிற்காலத்தில் அவர் செய்யவிருந்தவற்றுக்கு அது ஒரு முன்னோட்டம்.

1947இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது பஞ்சாபும் இரண்டாகியது. ஒரு கோடிக்கும் அதிகமான மக்கள் இரு பக்கமும் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகரே இல்லாமற்போயிற்று. சிவாலிக் மலையடிவாரத்தில் புதியதொரு நகரை எழுப்பப் பிரதமர் நேரு முடிவு செய்தார். அதுவே சண்டிகர். முதலில் திட்டம் வரைந்தவர்களுள் ஒருவரான மத்தியூ நோவிக்கி 1950இல் விமான விபத்தில் இறந்தார். வேறு ஆளைத் தேடி வர்மா, தாப்பர் என்ற இரு அதிகாரிகள் ஐரோப்பா சென்றனர். கொர்பூசியே இணங்கினார், ஆனால் இந்தியாவில் தங்கியிருக்க அவரால் இயலாது. ஆண்டுக்கு இரண்டு முறை வந்துபோவதாகவும், தங்கியிருந்து வேலையை நடத்தத் தம்பியைத் தருவதாகவும் ஏற்பாடாயிற்று. லண்டனைச் சேர்ந்த மக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் டிரூ தம்பதியரும் இணைந்தனர்.

1951இல் ஜெனரே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய ஐம்பத்தைந்து. பிறர் ஓய்வைப் பற்றி எண்ணும் வயதில் அவர் ஒரு வெட்டவெளியில் வந்து இறங்கினார். ஃப்ரையும் டிரூவும் மூன்றாண்டுகள் பணிபுரிந்து திரும்பினர். ஜெனரே பதினான்கு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டசபை ஆகிய பெருங்கட்டடங்களை வரைந்தவர் கொர்பூசியே. அவற்றை எழுப்பும் வேலையில் அன்றாடம் எழும் இடர்களைத் தீர்த்தவர் ஜெனரே. அவற்றோடு பள்ளிக்கூடங்கள், கடைத்தெருக்கள், பஞ்சாப் பல்கலைக்கழகக் கட்டடங்கள், தடாகத்தின் நடுவே மலர்போல் அமைந்த காந்தி பவன் என அவர் தாமாகவும் வரைந்தார். அரச ஊழியர்களுக்கான வீடுகளும் அவர் பொறுப்பிலும் ஃப்ரை, டிரூ ஆகியோர் பொறுப்பிலும் இருந்தன. மிகக் குறைந்த சம்பளம் பெறும் பியோனின் வீட்டிலும் இரண்டு அறைகள், சமையலறை, குளியலறை, முற்றம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. உள்ளூர்ச் செங்கல்லையே துளையிட்ட சுவராக அடுக்கி, வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விட்டனர்.

கட்டடங்கள் எழுந்தன. உள்ளே உட்காருவதற்கு ஒன்றுமில்லை. இதன் பொருள் நம் ஊராருக்கு விளங்காததல்ல. 1990 ஒக்டோபரில் வீட்டை அப்படியே விட்டுத் தோணியேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். ஒரு பாய், ஒரு சட்டி, ஒரு கதிரை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டிய நிலை எத்தகையது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சண்டிகரில் அந்த நிலை ஒரு நகரம் முழுவதற்கும் ஏற்பட்டது. நீதிபதிக்கு ஆசனம், எழுதுவினைஞருக்கு மேசை, வாசிகசாலைக்குப் புத்தக அலுமாரி, மாணவர் விடுதிக்குக் கட்டில், வைத்தியசாலைக்கு வாங்கு என ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. பணமோ குறைவு. பாரிசில் செய்ததுபோல் உருக்குக் குழாயால் செய்வது அங்கே கட்டுப்படியாகாது.

ஜெனரே அங்கிருந்தவற்றைப் பார்த்தார். தேக்கு மரம் இருந்தது. அது கறையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இடங்கொடாது. பிரம்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தச்சரும் பிரம்பு பின்னுவோரும் இருந்தனர். இவர்களில் எவரும் தம் பட்டறையில் இலகுவாகச் செய்யக்கூடிய கதிரை எது என்பதே அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட கணக்கு.

அதற்கு அவர் கண்ட விடை இன்று உலகெங்கும் அறியப்பட்டது. கதிரையின் ஒவ்வொரு பக்கத்திலும் முன்காலும் பின்காலும் மேலே நெருங்கிக் கீழே விரிந்து, விரித்து வைத்த கவராயத்தைப் போல் நிற்கும். நேராக நிற்கும் நான்கு கால்களைவிட இந்த அமைப்பு ஆட்டங்கொடுப்பது குறைவு. முக்கோணத்தின் உறுதி அதற்கு உண்டு. கால்கள் தடித்த தேக்குக் கட்டையால் ஆனவை. இழுத்தாலும் தள்ளினாலும் தாங்குவன. ஆசனமும் முதுகுச்சாய்வும் மரச்சட்டத்துக்குள் இழுத்துக் கட்டிய பிரம்புப் பின்னல். அதன் துளைகளூடாகக் காற்றுப் புகும். வடஇந்திய வேனிலில் நீண்ட நேரம் உட்கார்ந்து எழுதுபவரின் முதுகு வேர்த்து ஒட்டாது. பிரம்பு அறுந்தால் கதிரையை எறிய வேண்டியதில்லை, மீண்டும் பின்னிக்கொள்ளலாம். வளைந்த செதுக்கலோ பூவேலையோ இல்லை. ஒரே கால் வடிவத்தைச் சிறிது மாற்றிக் கதிரைக்கும் மேசைக்கும் வாங்குக்கும் பயன்படுத்தினார்கள். ஒருமுறை கற்ற தச்சர் எல்லாவற்றையும் செய்யலாம்.

இந்த வேலையில் ஜெனரே தனித்து நிற்கவில்லை. அவருக்குக் கீழ் இளம் இந்தியக் கலைஞர் குழுவொன்று இருந்தது. அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் யூலி சௌத்ரி என்ற பெண்மணி. 1923இல் பிறந்த அவர் அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர். இந்தியாவின் முதற் பெண் கட்டடக்கலைஞர்களுள் ஒருவர். 1951இலேயே சண்டிகர்க் குழுவில் சேர்ந்தார். பிரெஞ்சு மொழி அறிந்திருந்ததால் கொர்பூசியேயின் கடிதப் போக்குவரத்துக்கும் துணை நின்றார். தளபாடங்கள் பலவற்றை ஜெனரேயும் அவரும் சேர்ந்தே வடிவமைத்தனர். பெண்களுக்கான தொழினுட்பக் கல்லூரியொன்றையும் அவர் சண்டிகரில் வரைந்தார். பின்னாளில் டெல்லியின் கட்டடக்கலைக் கல்லூரிக்கு இயக்குநராகவும், சண்டிகருக்கும் பஞ்சாபுக்கும் தலைமைக் கட்டடக்கலைஞராகவும் உயர்ந்து, 1995இல் காலமானார். எனினும் ஏல விளம்பரங்களில் அக்கதிரைகள் பெரும்பாலும் ஜெனரேயின் பெயரிலேயே வருகின்றன. கொர்பூசியேயின் நிழலில் ஜெனரே மறைந்தார். ஜெனரேயின் நிழலில் யூலி மறைந்தார். இவ்விருவர் நிழலிலும், மரத்தை இழைத்த தச்சரும் பிரம்பைப் பின்னிய கைகளும் முற்றாகவே மறைந்துபோயினர்.

அதே காலத்தில் டென்மார்க் நாட்டிலும் மரக் கதிரைகள் புகழ்பெற்று வந்தன. ஹான்ஸ் வெக்னர், ஃபின் யூல் முதலியோர் சிறந்த தச்சர்களோடு சேர்ந்து செய்த கதிரைகள் அமெரிக்கா வரை சென்றன. 1949இல் வெக்னர் வடிவமைத்த கதிரையில் அமர்ந்தே 1960இல் கென்னடி, நிக்சனோடு தொலைக்காட்சி விவாதத்தில் கலந்துகொண்டார். அந்தக் கதிரைகளை விற்றவர்கள் வடிவமைத்தவரின் பெயரைச் சொல்லியே விற்றார்கள். சண்டிகர்க் கதிரையின் பின்புறத்திலோ எந்தத் திணைக்களம், எத்தனையாம் இலக்கம் என்பது மட்டும் தூரிகையால் எழுதப்பட்டிருக்கும். அது விற்பதற்குச் செய்யப்பட்டதன்று; எழுதுவினைஞரும் மாணவரும் வழக்காளியும் உட்காரச் செய்யப்பட்டது. பெயர் எழுத வேண்டும் என்ற எண்ணம் அங்கு யாருக்கும் தோன்றியிராது.

1965இல் கொர்பூசியே மத்தியதரைக் கடலில் நீந்தும்போது உயிரிழந்தார். அதே ஆண்டில் உடல்நலம் குன்றிய ஜெனரேயும் சண்டிகரை விட்டு ஜெனீவா திரும்பினார். 1967 டிசெம்பர் 4ஆம் திகதி அவர் இவ்வுலகைப் பிரிந்தார். தமது சாம்பல் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட வேண்டும் என்பது அவரது இறுதி விருப்பம். 1970இல் அவருடைய சகோதரரின் மகள் அதனை எடுத்துவந்து நிறைவேற்றினார். பிறந்த ஊரில் இறந்தும், அவர் தம் ஊராகக் கொண்டது எதுவென்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அவர் மறைந்தபின் கதிரைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது இவ்வரலாற்றின் மறுபாதி. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிரம்பு அறுந்தது. கால்களில் கீறல் விழுந்தது. பிளாஸ்டிக் கதிரைகளும் சுழலும் கதிரைகளும் வந்தன. பழையவை கட்டடங்களின் மொட்டைமாடியிலும் கொல்லையிலும் குவிக்கப்பட்டன. மழையில் நனைந்தன, சில விறகாயின. எஞ்சியவற்றைத் திணைக்களங்கள் கழிவுப் பொருளாகச் சொற்ப விலைக்கு ஏலம் விட்டன. 1990களின் இறுதியிலிருந்து பிரான்சைச் சேர்ந்த வணிகர் சிலர் இந்த ஏலங்களுக்கு வந்தனர். சட்டப்படி விலை கொடுத்து வாங்கி, கப்பலில் ஏற்றி, பாரிசில் பழுதுபார்த்து மெருகேற்றினர். அடுத்த சில ஆண்டுகளில் லண்டனிலும் பாரிசிலும் நியூயோர்க்கிலும் பேர்பெற்ற ஏல நிறுவனங்களில் அக்கதிரைகள் பல்லாயிரம் டொலருக்கு விலைபோயின. பின்புறத்தில் எழுதியிருந்த திணைக்கள இலக்கமே அது அசல் என்பதற்கு அத்தாட்சியாயிற்று. கழிவென்று தள்ளியவர்கள் போட்ட குறியே விலையைக் கூட்டியது.

ஜெனரேக்குப் பின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த எம். என். சர்மா உள்ளிட்டோர் இதனைக் கண்டு குரல் எழுப்பினர். 2011இல் இந்திய மத்திய அரசு அத்தளபாடங்களை விற்பதற்கும் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்கும் தடை விதித்தது. எஞ்சியவை எண்ணப்பட்டு, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை மரபுரிமைப் பொருட்களாகப் பட்டியலிடப்பட்டன. 2016இல் சண்டிகரின் தலைமைக் கட்டடத் தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2017இல் ஜெனரே வாழ்ந்த வீடு அவர் பெயரிலேயே அரும்பொருட் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆனால் வெளியே போனவை போனவைதாம். இன்று அக்கதிரைகளில் பல, எவரும் உட்காராத செல்வர் மாளிகைகளில் காட்சிப் பொருளாக இருக்கின்றன. பியோனும் மாணவரும் உட்காருவதற்காக மலிவாகச் செய்யப்பட்ட ஒன்றை, இப்போது பியோனும் மாணவரும் தொட்டும் பார்க்க முடியாது.

இதில் யாரைக் குறை சொல்வது? வாங்கிய வணிகர் திருடவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தார்கள். விற்ற அலுவலர் வஞ்சகம் செய்யவில்லை. உடைந்த கதிரையை அகற்றும் விதிப்படி நடந்தார்கள். குறை எங்கே என்றால், தினமும் அதில் உட்கார்ந்தவர்கள் ஒருநாளாவது குனிந்து அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் விட்டதில்தான். அருகில் இருப்பதன் அருமை கண்ணுக்குத் தெரிவதில்லை; பிறன் வந்து விலை சொல்லும்போது, அது நம் கையைவிட்டுப் போயிருக்கும்.

அன்புச் சகோதரிகளே, நம்மிடமும் இத்தகைய பொருட்கள் உண்டு. வாப்பும்மா காலத்துச் சாய்மனைக் கதிரை, சாயமிட்ட பனையோலையில் பின்னிய பெட்டி, வகுப்பறை மூலையில் கிடக்கும் கனத்த மரவாங்கு ஆகியவற்றை யார் செய்தார், எந்த மரம், எந்த ஆண்டு, கால்களை எப்படிப் பொருத்தினார் என்று நாம் கேட்டு எழுதியிருக்கிறோமா? இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றுக்குப் பட்டியல்கூட இல்லை. மிஞ்சியவற்றுக்காவது ஒரு கொப்பியில் குறிப்பு எழுதிவைக்கலாம். குறிப்பாக, செய்தவரின் பெயரை எழுத வேண்டும். பன்பெட்டி பின்னிய ஒரு பெண்ணின் பெயர் எந்த நூலிலும் வராது; நம் கொப்பியில் வரலாம். சண்டிகரில் பிரம்பு பின்னிய கைகளுக்கு அந்த ஒரு வரியை எழுத எவரும் இருக்கவில்லை.

பியர் ஜெனரே தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று எதையும் செய்யவில்லை. வெயிலில் வேலை செய்யும் மனிதர் வசதியாக உட்கார வேண்டும் என்று செய்தார். அரைநூற்றாண்டு கழித்து அவருடைய பெயர் தானாக வெளிவந்தது. பள்ளிமுனைப் பக்கம் அடுத்த முறை போகும்போது, அந்தப் பெருக்க மரத்தின் கீழ் சற்று நின்று, அதை நட்ட பெயர் தெரியாத கையையும் ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.